பெப்டைடு தூளை எதில் கரைப்பது? நீர், அமிலம், காரம், டிஎம்எஸ்ஓ: எது எப்போது?

சிறு குப்பியின் அடியில் வெள்ளைப் பூச்சு போல ஏதோ ஒட்டியிருக்கும். சில நேரம் கண்ணுக்கு எதுவுமே தெரியாது. லேபிளில் 5 மி.கி. என்று அச்சிட்டிருக்கும். இதை எதில், எவ்வளவு ஊற்றிக் கரைப்பது என்பதுதான் பெப்டைடு வேலையில் முதல் முடிவு. 'தண்ணீர்தானே' என்று ஊற்றிவிடுபவர்கள் அதிகம். பல பெப்டைடுகளுக்கு அது போதும். போதாதபோது குப்பி முழுவதும் வீணாகிவிடுகிறது, ஏனென்றால் தவறான திரவத்தில் ஒருமுறை திரண்டுபோன பெப்டைடைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது மிகக் கடினம். பழக்கத்தை வைத்துக் கரைப்பானைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அமினோ அமில வரிசை என்ன, கரைசல் எதற்காக என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைத்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

தேவையான சொற்கள்

பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. இரண்டு அமினோ அமிலங்கள் இணையும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகிறது. அப்படி நீரை இழந்து சங்கிலியில் நிற்கும் ஒவ்வோர் அலகும் 'எச்சம்' எனப்படும். ஓர் எச்சத்தின் சராசரி எடை ஏறத்தாழ 110 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) என்பதால், 20 எச்சங்கள் உள்ள பெப்டைடு 2,200 டால்டன் அளவில் இருக்கும் என்று மனக்கணக்காகச் சொல்லிவிடலாம். ஆக்சிடோசினில் 9 எச்சங்கள், குளுக்ககானில் 29. இன்சுலினில் இரண்டு சங்கிலிகளாக 51. பெப்டைடு எங்கே முடிந்து புரதம் எங்கே தொடங்குகிறது என்பதற்கு இயற்கையில் கோடு கிடையாது. பாடநூல்கள் 50 எச்சங்கள் என்பார்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 40 வரை பெப்டைடு என்று கொள்கிறது.

சங்கிலியின் தொடக்கம் என்-முனை, முடிவு சி-முனை. என்-முனைக்கு நேர்மின்சுமை, சி-முனைக்கு எதிர்மின்சுமை. குப்பியோடு வரும் விவரத்தாளில் 'அசிட்டைல்' என்று இருந்தால் என்-முனையின் சுமை மூடப்பட்டிருக்கிறது. 'அமைடு' என்று இருந்தால் சி-முனையின் சுமை இல்லை. இந்த இரண்டு சொற்களைக் கவனிக்காமல் போனால் கீழே வரும் மின்சுமைக் கணக்கு தப்பாகும்.

'லியோபிலைஸ்டு' என்றால் உறைய வைத்து, வெற்றிடத்தில் பனிக்கட்டியை நேராக ஆவியாக்கி உலர்த்தியது. 'அலிகாட்' என்றால் ஒரே கரைசலை ஒவ்வொரு தடவைக்கும் தேவையான சிறு பங்குகளாகப் பிரித்து வைப்பது.

5 மி.கி. என்பது 5 மி.கி. பெப்டைடு அல்ல

எதில் கரைப்பது என்பதற்கு முன்னால், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டும். இங்கேதான் அதிகம் பேர் தவறுகிறார்கள்.

விவரத்தாளில் இரண்டு சதவீதங்கள் இருக்கும். ஒன்று தூய்மை. கலவையின் கூறுகளைத் தனித்தனியாகப் பிரிக்கும் எச்பிஎல்சி கருவி காட்டும் உச்சங்களில் நமக்கு வேண்டிய பெப்டைடின் பங்கு இது. மற்றொன்று நிகர பெப்டைடு அளவு. தூளின் மொத்த எடையில் பெப்டைடு எவ்வளவு, உப்பும் ஈரமும் எவ்வளவு என்பதை இது சொல்கிறது. தூய்மை 98% என்று இருந்தும் நிகர அளவு 70% ஆக இருக்கலாம். இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள்.

உப்பு எங்கிருந்து வருகிறது? 1963-இல் புரூஸ் மெரிஃபீல்டு அறிமுகப்படுத்திய திடநிலைத் தொகுப்பு முறைதான் இன்றும் வழக்கில் உள்ளது. பிசின் மணியில் முதல் அமினோ அமிலத்தைக் கட்டி, அதன்மேல் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போவார்கள். இன்று பரவலாக உள்ள எஃப்மாக் முறையில், கடைசியில் சங்கிலியைப் பிசினிலிருந்து வெட்டியெடுக்க ட்ரைஃப்ளூரோஅசிட்டிக் அமிலம் பயன்படுகிறது. இதைச் சுருக்கமாக டிஎஃப்ஏ என்போம். சுத்திகரிப்பிலும் அதே அமிலம்தான். லைசின், ஆர்ஜினின், ஹிஸ்டிடின், என்-முனை என நேர்மின்சுமை உள்ள ஒவ்வோர் இடத்திலும் ஒரு டிஎஃப்ஏ மூலக்கூறு ஒட்டிக்கொள்கிறது. அதன் எடை 114. மூன்று லைசினும் திறந்த என்-முனையும் உள்ள 1,000 டால்டன் பெப்டைடில் நான்கு டிஎஃப்ஏ, அதாவது 456 டால்டன் கூடுதல். ஈரத்தைச் சேர்க்காமலே தூளில் 31% உப்பு.

தூய்மை 100% ஆகாததற்கும் காரணம் இந்த முறையிலேயே இருக்கிறது. ஒவ்வோர் இணைப்பும் 99% வெற்றி பெற்றாலும், 30 எச்சச் சங்கிலிக்கு 29 இணைப்புகள் முடிவதற்குள் முழு நீளச் சங்கிலி 75% அளவுக்கு இறங்கிவிடும். மிச்சம் எல்லாம் ஓரிரு எச்சங்கள் குறைந்த குட்டைச் சங்கிலிகள். எச்பிஎல்சியில் அவை உண்மையான பெப்டைடுக்கு அருகிலேயே வந்து நிற்கும் என்பதால் முழுதாகப் பிரித்தெடுப்பது கடினம்.

கணக்கு இப்படி: மொத்த எடை 5 மி.கி., நிகர அளவு 75%, தூய்மை 96% என்றால் 5 × 0.75 × 0.96 = 3.6 மி.கி. மூலக்கூறு எடை 1,500 என்றால் இது 2.4 மைக்ரோமோல். 1 மில்லிமோலார், அதாவது ஒரு மி.லி.யில் 1 மைக்ரோமோல் உள்ள கரைசலுக்கு 2.4 மி.லி. ஊற்ற வேண்டும். லேபிளை மட்டும் நம்பி 5 மி.கி. என்று கணக்கிட்டால் 3.33 மி.லி. ஊற்றுவோம், கிடைப்பது 0.72 மில்லிமோலார்தான். சோதனை முடிவு பொருந்தாமல் போகும்போது இந்த 28% வித்தியாசத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை. சில நிறுவனங்கள் நிகர எடையையே லேபிளில் போடுகின்றன, ஆகவே எந்த எடை என்று விவரத்தாளில் பார்த்துவிட்டே கழிக்க வேண்டும்.

வாங்கும்போதே டிஎஃப்ஏ உப்பா, அசிட்டேட் உப்பா என்று கேட்பார்கள். எதிர்ப்பொருள் தயாரிப்பு, பிணைப்புச் சோதனை போன்றவற்றுக்கு டிஎஃப்ஏ போதும், விலையும் குறைவு. உயிரணுக்களோடு வேலை என்றால் அசிட்டேட்டோ ஹைட்ரோகுளோரைடோ வாங்குவது நல்லது. டிஎஃப்ஏ சில உயிரணுக்களின் வளர்ச்சியைத் தானே மாற்றக்கூடியது. பெப்டைடின் விளைவு எது, உப்பின் விளைவு எது என்று பிறகு பிரிக்க முடியாது.

மின்சுமையை எண்ணுதல்

வரிசையை எழுதிக்கொள்ளுங்கள். லைசின், ஆர்ஜினின், திறந்த என்-முனை ஒவ்வொன்றுக்கும் +1. அஸ்பார்டிக் அமிலம், குளூட்டாமிக் அமிலம், திறந்த சி-முனை ஒவ்வொன்றுக்கும் −1. ஹிஸ்டிடினை pH 6-க்குக் கீழே மட்டும் +1 என்று சேர்க்க வேண்டும், நடுநிலையில் அது பெரும்பாலும் சுமையற்றது.

பிராடிகைனினை எடுத்துக்கொண்டால், 9 எச்சங்களில் இரு முனையிலும் ஆர்ஜினின். +2, என்-முனை +1, சி-முனை −1. மொத்தம் +2. தயக்கமின்றி நீரில் கரையும். அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டு பீட்டா 1–42 வேறு கதை. எதிர்மின்சுமை 7, நேர்மின்சுமை 4, மொத்தம் −3. எண்ணை மட்டும் பார்த்தால் நீரில் கரைய வேண்டும். ஆனால் அதன் சி-முனைப் பக்கம் முழுக்க நீர்வெறுக்கும் எச்சங்கள். அவை ஒன்றோடொன்று ஒட்டி இழைகளாகத் திரளும். ஆகவே எண்ணியதோடு நிற்காமல், வேலின், லியூசின், ஐசோலியூசின், ஃபினைல்அலனின், டிரிப்டோபேன் போன்றவை எத்தனை, அவை ஒரே இடத்தில் கூடிக் கிடக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். பாதிக்கு மேல் அப்படிப்பட்டவை என்றால் நீரை நம்ப வேண்டாம். ஐந்து எச்சங்களுக்குக் குறைந்த பெப்டைடு, எல்லாமே நீர்வெறுப்பவையாக இல்லாவிட்டால், பெரும்பாலும் நீரிலேயே கரைந்துவிடும்.

கரைப்பான்கள்

*தூய நீர்.* நிகரச் சுமை நேர்மின்னாக இருந்தால் முதல் தேர்வு இதுதான். பெரிய நன்மை ஒன்று உண்டு: பிடிக்கவில்லை என்றால் மீண்டும் உறைய வைத்து உலர்த்தி, பெப்டைடைத் திரும்பப் பெறலாம். குறை, அதில் pH-ஐத் தாங்கும் எதுவும் கிடையாது. டிஎஃப்ஏ உப்பைக் கரைத்தால் கரைசல் அமிலமாகும். கிருமியை எதிர்க்கும் பொருளும் இல்லை.

*நீர்த்த அசிட்டிக் அமிலம்.* நேர்மின்சுமை இருந்தும் நீரில் கலங்கலாக நின்றால் அடுத்த படி இது. 10% கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்து, தெளிந்ததும் நீரால் நீர்க்கச் செய்ய வேண்டும். இதுவும் ஆவியாகிப் போகும் பொருள் என்பதால் உலர்த்தி மீட்கலாம். குளுக்ககான் நல்ல உதாரணம். நடுநிலை pH-இல் அது மிகக் குறைவாகவே கரையும், நேரம் போகப் போக இழையாகத் திரளும். அதனால்தான் அவசரச் சிகிச்சைக்கான மரபான குளுக்ககான் தூளாகவும், கரைக்கும் திரவம் தனியாகவும் வந்தது. கரைத்த உடனே பயன்படுத்த வேண்டும் என்ற அறிவுறுத்தலுக்கும் அதுவே காரணம். அஸ்பார்டிக் அமிலமும் புரோலினும் அடுத்தடுத்து உள்ள வரிசையை மட்டும் அமிலத்தில் நீண்ட நேரம் விடக்கூடாது. அந்தப் பிணைப்பு அமிலத்தில் உடையக்கூடியது.

*நீர்த்த அம்மோனியா அல்லது அம்மோனியம் பைகார்பனேட்.* எதிர்மின்சுமை உள்ளவற்றுக்கு. இவையும் உலர்த்தும்போது பறந்துபோகும். சிஸ்டீன் இருந்தால் இந்த வழி வேண்டாம். காரத்தில் இரண்டு சிஸ்டீன்கள் சேர்ந்து டைசல்ஃபைடு பாலம் கட்டிக்கொள்ளும், சங்கிலிகள் ஜோடி ஜோடியாகிவிடும். அஸ்பராஜினை அடுத்துக் கிளைசின் உள்ள இடமும் காரத்தில் வேகமாகச் சிதையும். அமிலாய்டு பீட்டாவுக்கு இந்த வழி பயன்படுகிறது. அமிலத்தில் போட்டால் அதன் மின்சுமைச் சமநிலைப் புள்ளியான, அதாவது நிகரச் சுமை பூச்சியமாகும் pH 5.3 அளவைக் கடக்க நேரும், அங்கேதான் அது வேகமாகத் திரளும்.

*டிஎம்எஸ்ஓ.* டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற கரிமக் கரைப்பான். நீர்வெறுக்கும் பெப்டைடுகளுக்கும், சுமையே இல்லாதவற்றுக்கும். மிகக் குறைந்த அளவில் முழுதாகக் கரைத்துவிட்டு, பிறகு அந்தக் கரைசலைச் சுழன்றுகொண்டிருக்கும் நீரிலோ, pH-ஐ மாறாமல் தாங்கும் பஃபரிலோ சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பஃபரை டிஎம்எஸ்ஓ மேல் ஊற்றினால் இடையில் ஒரு கணம் பெப்டைடு அடர்ந்து, திரளத் தொடங்கிவிடும். கலங்கல் தெரிந்த இடத்தோடு நிறுத்துங்கள், அதுதான் எல்லை. உயிரணுச் சோதனைகளில் இறுதி டிஎம்எஸ்ஓ 0.1% அளவில் இருப்பது நல்லது, 0.5%-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கட்டுப்பாட்டுக் கிண்ணத்திலும் அதே அளவு இருக்க வேண்டும். மெத்தியோனினோ திறந்த சிஸ்டீனோ உள்ள வரிசைக்கு இது ஏற்றதல்ல, ஆக்சிஜனேற்றம் ஆகிவிடும். அங்கே டைமெத்தில்ஃபார்மமைடு பொருத்தம், ஆனால் அது உயிரணுக்களுக்கு நஞ்சு. டிஎம்எஸ்ஓவைத் திரும்ப விரட்டுவதும் எளிதல்ல, ஆகவே இது முதல் முயற்சியாக இருக்கக் கூடாது. 18.5 டிகிரி செல்சியஸிலேயே உறைந்துவிடுவதால், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த குப்பி கட்டியாக இருந்தால் பதற வேண்டியதில்லை.

*பாஸ்பேட் பஃபர் உப்புநீர்.* பழக்கத்தால் பலர் நேரடியாக இதில் கரைக்கிறார்கள். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: பிறகு நீர்க்கச் செய்து எடுக்கும் செறிவான தாய்க்கரைசலை இதில் செய்யாதீர்கள். உப்பு இருப்பதால் பல பெப்டைடுகள் நீரைவிடக் குறைவாகக் கரையும். அதைவிட மோசம் உறைய வைக்கும்போது நடப்பது. டைசோடியம் பாஸ்பேட் முதலில் படிகமாகப் பிரிந்து போக, மிச்சத் திரவத்தின் pH பல அலகுகள் இறங்கிவிடும். நாம் 7.4 என்று நம்பி வைத்த பெப்டைடு உறைகலத்தில் அமிலத்தில் கிடக்கிறது. நீரில் தாய்க்கரைசல் செய்து, பயன்படுத்தும் அன்று பஃபரில் நீர்க்கச் செய்வதே சரி.

*பாக்டீரியோஸ்டாட்டிக் நீர்.* 0.9% பென்சைல் ஆல்கஹால் கலந்த, ஊசி மருந்துத் தரமுள்ள நீர். ஒரே குப்பியில் பலமுறை ஊசி குத்தி எடுக்கும் மருந்துகளுக்காக உருவானது. கிருமி பெருகாமல் தடுக்கும், ஏற்கெனவே உள்ள கிருமியைக் கொன்று தூய்மையாக்காது. முதல் குத்தலுக்குப் பிறகு 28 நாட்கள் என்பது வழக்கமான வரம்பு. உயிரணு வளர்ப்புக்கு இதை எடுக்கக் கூடாது, பென்சைல் ஆல்கஹாலே உயிரணுக்களைப் பாதிக்கும். சில புரதங்களையும் பெப்டைடுகளையும் அது திரள வைக்கிறது. பிறந்த குழந்தைகளுக்கு ஆபத்தானது என்பது 1980-களின் தொடக்கத்தில் நடந்த இறப்புகளால் தெரியவந்தது. காப்புப்பொருள் இல்லாத கிருமிநீக்கிய நீர் ஒருமுறை திறந்ததும் தீர்த்துவிட வேண்டியது. இரண்டுக்கும் குப்பி ஒரே மாதிரி இருக்கும், எழுத்தைப் படித்துவிட்டு எடுங்கள்.

சந்தேகம் இருந்தால் முழுக் குப்பியையும் பணயம் வைக்காமல் சிறு பகுதியில் சோதித்துப் பாருங்கள். முதலில் நீர், பிறகு அமிலம் அல்லது காரம், கடைசியாக டிஎம்எஸ்ஓ. உலர்த்தி மீட்கக் கூடியவை முன்னே, மீட்க முடியாதவை பின்னே என்பதே இந்த வரிசையின் நியாயம்.

ஊற்றும் விதம்

குப்பியை உறைகலத்திலிருந்து எடுத்ததும் திறக்கக் கூடாது. மூடியபடியே அறை வெப்பநிலைக்கு வரட்டும், அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகலாம். குளிர்ந்த தூள்மேல் காற்றின் ஈரம் படிந்தால் எடையும் போச்சு, நிலைப்பும் போச்சு. திறக்கும் முன் மையவிலக்கியில் சிறு சுழற்சி கொடுத்து, மூடியில் ஒட்டிய தூளை அடிக்கு இறக்குங்கள். 1 மி.கி. தூள் கண்ணுக்கே தெரியாமல் மூடியோடு போய்விடக்கூடியது.

ரப்பர் மூடி உள்ள குப்பிகள் சில உள்ளே வெற்றிடத்தோடு வரும். ஊசி குத்தியதும் திரவத்தை உறிஞ்சிக்கொள்ளும், ஆகவே பிஸ்டனைப் பிடித்துக்கொள்ள வேண்டும். திரவம் தூளின்மேல் நேராகப் பாயாமல் சுவரோரமாக வழியட்டும். குலுக்க வேண்டாம். காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் பெப்டைடு விரிந்து திரள்கிறது, நுரை அதற்கான இடத்தைப் பெருக்குகிறது. மெதுவாகச் சுழற்றிவிட்டுச் சில நிமிடங்கள் வையுங்கள். பிடிவாதமாக நின்றால் மீயொலித் தொட்டியில் சில நொடிகள், இடையிடையே பனிக்கட்டியில்.

தெளிந்த கரைசல் என்பது கரைந்த கரைசல் என்று அர்த்தமல்ல. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, முடிந்தால் மையவிலக்கிச் சுழற்றி அடியில் படிவு உண்டா என்று பாருங்கள். கிருமிநீக்க 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டி போதும், பாலிஈதர்சல்ஃபோன் அல்லது பிவிடிஎஃப் சவ்வாக இருக்கட்டும். பாக்டீரியா நிற்கும், அது விட்டுச்செல்லும் நச்சான எண்டோடாக்சின் நிற்காது. நீர்வெறுக்கும் பெப்டைடும் சவ்விலேயே நின்றுவிடலாம்.

குறைந்த செறிவில் பெப்டைடு சுவரில் ஒட்டி மறைந்துபோகும். மனித உடலின் கிருமியெதிர்ப்புப் பெப்டைடான எல்எல்-37 போன்ற நேர்மின்சுமை மிகுந்தவை கண்ணாடியை விடவே விடாது. புரதம் ஒட்டாத பாலிப்ரோப்பிலீன் குழாய், செறிவான தாய்க்கரைசல், பயன்படுத்தும் நேரத்தில் மட்டும் நீர்த்தல், சோதனை அனுமதித்தால் 0.1% ஆல்புமின் என்ற புரதம். இந்த நான்கும் சேர்ந்தால் இழப்பு வெகுவாகக் குறையும்.

தூளாகவா, கரைசலாகவா?

வைத்திருக்கும் காலம் நீண்டது என்றால் தூள்தான். ஈரம் உறிஞ்சும் உலர்த்திப் பொருளோடு −20 டிகிரியில் பல பெப்டைடுகள் ஆண்டுக்கணக்கில் தாங்கும். கரைசலில் அதே பெப்டைடின் ஆயுள் நாட்களிலும் வாரங்களிலும் எண்ணப்படும். சிஸ்டீன், மெத்தியோனின், டிரிப்டோபேன் ஆக்சிஜனேற்றம் அடையும். அஸ்பராஜின் அமைடை இழக்கும். என்-முனையில் உள்ள குளூட்டமின் தானே வளைந்து பைரோகுளூட்டமேட் ஆகும். கரைசலாகத்தான் வைக்க வேண்டும் என்றால் அலிகாட் செய்து −80 டிகிரி. ஒவ்வொரு முறை உருக்கி உறைய வைப்பதும் ஒரு சேதம். பனி படியாமல் தானே சூடேறிக் குளிரும் வகை வீட்டு உறைகலம் இதற்கு உதவாது, அது தினமும் வெப்பநிலையை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும்.

யூனிட் என்ற சொல் தரும் குழப்பம்

ஒரே சொல் இரண்டு பொருளில் வருகிறது. சர்வதேச யூனிட் என்பது உயிரியல் வீரியத்தின் அளவு, பொருளுக்குப் பொருள் மாறும். மனித இன்சுலினுக்கு 1 யூனிட் 0.0347 மி.கி. இன்னொன்று யூ-100 இன்சுலின் சிரிஞ்சில் உள்ள கோடு. அது வெறும் கன அளவு: 100 கோடு 1 மி.லி., 1 கோடு 0.01 மி.லி. செறிவு தெரியாமல் 'பத்து யூனிட்' என்று சொன்னால் அதில் எத்தனை மில்லிகிராம் என்று யாராலும் சொல்ல முடியாது. 5 மி.கி. பொருளை 1 மி.லி.யில் கரைத்தால் பத்துக் கோட்டில் 500 மைக்ரோகிராம், 2 மி.லி.யில் கரைத்தால் 250. மில்லிகிராம், மில்லிலிட்டர், யூனிட் மூன்றும் குழம்பியதால், கலவை மருந்தகங்களில் தயாரித்த செமாகுளூடைடை (நீரிழிவுக்கும் எடைக் குறைப்புக்குமான பெப்டைடு மருந்து) சிலர் தேவைக்கு 5 முதல் 20 மடங்கு வரை செலுத்திக்கொண்டதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 ஜூலையில் எச்சரித்தது.

ஆய்வுத் தரமும் மருந்துத் தரமும்

'ஆய்வுக்கு மட்டும்' என்று வரும் குப்பியை உடலில் செலுத்தக் கூடாது. காரணம் சட்டம் மட்டுமல்ல. எச்பிஎல்சி தூய்மை 99% என்பது கிருமிநீக்கம், எண்டோடாக்சின், உலோக எச்சம் எதைப் பற்றியும் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. மிச்ச 1% குட்டைச் சங்கிலிகளும் திரண்ட துகள்களும் எதிர்ப்பு வினையைத் தூண்டலாம். ஆய்வகத்தில் அது ஒரு தவறிய சோதனை, உடலில் அப்படி இல்லை. மருத்துவர் எழுதிய பெப்டைடு மருந்து என்றால் கரைப்பானை நாம் தேர்ந்தெடுக்கத் தேவையே இல்லை. பெட்டியில் வந்த திரவம், தாளில் உள்ள அளவு, சொன்ன நாட்களுக்குள். அந்தத் திரவத்தின் pH-உம் காப்புப்பொருளும் அந்த மருந்தோடு சேர்த்துச் சோதிக்கப்பட்டவை.

ஆய்வகக் குழாயின் லேபிளில் எழுத வேண்டியவை: பெப்டைடின் பெயர், தொகுதி எண், உப்பு வகை, நிகர எடையில் கணக்கிட்ட செறிவு, கரைப்பான், கரைத்த தேதி. ஓரத்தில் கொஞ்சம் இடம் விடுங்கள், ஒவ்வொரு முறை உருக்கும்போதும் ஒரு கோடு போட.